இன்ஜின் எங்கே இருக்கிறது? இகாருஸ் 280 பஸ் எழுந்த கதையும் ஓய்ந்த கதையும்

2022 நவம்பரில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட், தன் சாலைகளில் சுமார் அரை நூற்றாண்டு ஓடிய ஒரு டீசல் பஸ் மாடலுக்கு விடைகொடுத்தது. நீல நிற உடல், நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி, மூன்று அச்சு, 16.5 மீட்டர் நீளம். அதன் பெயர் இகாருஸ் 280.

இந்தப் பஸ்ஸைப் பெயர் தெரியாமலேயே பலர் படங்களில் பார்த்திருப்பார்கள். மாஸ்கோவின் பனிமூடிய தெருவில் மஞ்சள் நிறத்தில் நிற்பது அது. பழைய கிழக்கு பெர்லின் படங்களிலும், ஹவானா கடற்கரைச் சாலையிலும், பியோங்யாங்கின் அகன்ற வீதிகளிலும் தென்படுவதும் அதுதான். ஒரு கோடி மக்கள் மட்டுமே உள்ள ஒரு சின்ன நாட்டின் தொழிற்சாலை, சுமார் 61,000 இணைப்புப் பஸ்களை ஒரே மாடலில் எப்படிச் செய்து விற்றது? அவ்வளவு பரவிய வண்டி ஏன் சில ஆண்டுகளுக்குள் உற்பத்தியிலிருந்து சரிந்தது?

இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை அரசியலில் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த வண்டியின் இன்ஜின் வைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான கட்டுரைகள் அரசியலோடு நிறுத்திக்கொள்கின்றன. இன்ஜினைப் பார்க்காமல் இந்தப் பஸ்ஸைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

இணைப்புப் பஸ் என்றால் என்ன?

சென்னையில் வெஸ்டிபுல் பஸ் என்று அழைக்கப்பட்ட வகைதான் இது. இரண்டு உடல்கள், அவற்றுக்கு நடுவே வளையும் ஒரு மூட்டு. பயணி முன்வாசலில் ஏறி, மூட்டைக் கடந்து, பின்வாசல் வரை உள்ளேயே நடந்து போகலாம். டிராக்டர் பின்னால் டிரெய்லரை மாட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே இரண்டும் தனித்தனி அறைகள். இங்கே இரண்டும் சேர்ந்து ஒரே கூடம்.

பஸ்ஸை ஏன் ஒரே துண்டாக நீளமாகச் செய்யக்கூடாது? திருப்பம்தான் காரணம். ஒரு வண்டி வளையும்போது அதன் பின்சக்கரங்கள், முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடைவெளி கூடக்கூட இந்த வெட்டு பெரிதாகும். முனையில் நிற்பவரின் காலை நடைமேடையோடு சேர்த்து நசுக்கும் அபாயமும் கூடும். ஆகவே நகரத்தில் ஓடும் சாதாரணப் பஸ் நெடுங்காலமாக 11, 12 மீட்டரோடு நின்றது. நடுவில் ஒரு மூட்டு வைத்தால் 16 முதல் 18 மீட்டர் வண்டியும் அதே தெருமுனையில் திரும்பிவிடும்.

மாடிப் பஸ் இன்னொரு வழி. ஆனால் படிக்கட்டு ஏறி இறங்க நேரமாகும், மேல்தளத்தில் நின்றபடி பயணம் செய்ய விடமாட்டார்கள், தாழ்ந்த பாலங்களும் மின்கம்பிகளும் உள்ள சாலையில் அது போக முடியாது. காலை எட்டு மணிக்கு ஆலைவாசலில் ஐம்பது பேரை ஒரே மூச்சில் இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டிய ஊருக்கு, நான்கு வாசல் உள்ள நீளமான ஒற்றைத்தளப் பஸ்தான் பொருந்தும். ஒரு ஓட்டுநர், ஒரு இன்ஜின், ஏறத்தாழ 150 பயணிகள் என்பதே இதன் கணக்கு.

மூட்டில் மூன்று பகுதிகள் உண்டு.

1. சுழல்தட்டு. முன்உடலையும் பின்உடலையும் பிணைக்கும் இரும்பு அமைப்பு. பக்கவாட்டில் திரும்புவதற்கு மட்டுமல்லாமல், மேடுபள்ளத்தில் ஒன்று தூக்க மற்றது தாழவும் இது இடம்கொடுக்க வேண்டும்.

2. தரைவட்டு. அந்த இணைப்பின் மேல் பயணி நிற்கும் வட்டமான தரை. பஸ் திரும்பும்போது காலடியில் தரை மெல்ல நழுவுவதை உணரலாம். ஒரு கால் வட்டிலும் மறுகால் வெளியிலும் வைத்து நின்றால், இரண்டு கால்களும் வெவ்வேறு திசையில் போகும். இகாருஸ் ஓடிய ஊர்களில் குழந்தைகள் போட்டி போட்டுக்கொண்டு நின்ற இடம் இது.

3. துருத்தி. மழை, பனி, புழுதி உள்ளே வராமல் மூட்டைச் சுற்றி மூடும் மடிப்புத் தோல். கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போலவே வளைவின் உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் விரியும். ரஷ்யர்கள் இந்தப் பஸ்ஸை ‘கர்மோஷ்கா’ என்று செல்லமாக அழைத்தது இதை வைத்துத்தான். விரித்துச் சுருக்கி வாசிக்கும் கைத்துருத்தி வாத்தியத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது.

இழுப்பதா, தள்ளுவதா?

இந்தக் கட்டுரையின் மையம் இந்தக் கேள்விதான். மூன்று அச்சுகள் உள்ள வண்டியில் எந்த அச்சுக்கு இன்ஜினின் விசை போகிறது?

முதல் முறையில் இன்ஜின் முன்உடலில் இருக்கும். நடு அச்சு, அதாவது இரண்டாம் அச்சு சுழலும். பின்உடலும் மூன்றாம் அச்சும் வெறுமனே இழுபட்டு வரும். இது இழுக்கும் வகை. இரண்டாம் முறையில் இன்ஜின் வண்டியின் கடைக்கோடியில் இருக்கும். மூன்றாம் அச்சு சுழன்று, மூட்டின் வழியாக முன்உடலைத் தள்ளும். இது தள்ளும் வகை.

கயிறு கட்டி இழுத்த மரக்கட்டை, இழுத்தவர் பின்னாலேயே வந்துவிடும். அதே கட்டையை இரண்டாக வெட்டி நடுவில் கீல் வைத்துப் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். சிறிது கோணல் இருந்தாலும் கீல் மடங்கி, பின்துண்டு பக்கவாட்டில் ஓடிவிடும். தள்ளும் வகைப் பஸ்ஸுக்கும் வழுக்கும் சாலையில் இதே ஆபத்து. மடக்குக்கத்தி மூடுவதுபோல வண்டி தன்மேலேயே மடங்கிவிடலாம். இதைத் தடுக்க, மூட்டு எவ்வளவு வேகமாக, எவ்வளவு கோணம் வளையலாம் என்று கட்டுப்படுத்தும் எண்ணெய் அழுத்தக் கருவிகள் வேண்டும். மேற்கு ஜெர்மனியின் பொறியாளர்கள் 1970களில்தான் இதைத் தினசரி ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் தீர்த்தார்கள். மெர்சிடிஸ் பென்ஸின் ஓ 305 ஜி அந்த வகையில் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த வண்டி.

இகாருஸ் 280 இழுக்கும் வகையைச் சேர்ந்தது. அதன் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், சுமார் 10 லிட்டர் கொள்ளளவும் 190 குதிரைத்திறனுக்குச் சற்று மேலும் கொண்டது. நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் படுத்த நிலையில், முதல் அச்சுக்கும் இரண்டாம் அச்சுக்கும் நடுவே, தரைக்கு அடியில் அது இருந்தது. இந்த ஒரே முடிவிலிருந்து நான்கு விளைவுகள் பிறந்தன.

1. மூட்டு எளிமையாக இருக்கலாம். அதன் வழியே தள்ளுவிசை எதுவும் போவதில்லை. பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார்.

2. பனி உறைந்த சாலையில் நடு அச்சு இழுக்க, பின்உடல் பணிவாகத் தொடரும். மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் இது சிறிய விஷயமல்ல.

3. முன்உடல் தன்னளவில் கிட்டத்தட்ட முழுமையான ஒரு பஸ். அதை ஓரளவு மாற்றிப் பின்னால் ஓர் உடலைச் சேர்த்தால் இணைப்புப் பஸ். அதே பாகங்களைக் கொண்டே தனிப் பஸ்ஸும் செய்யலாம். தொழிற்சாலைக்கு இது பெரும் வரம்.

4. தரை, இன்ஜினுக்கு மேலே இருந்தாக வேண்டும். ஆகவே பயணி நிற்கும் தளம் சாலையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில். ஒவ்வொரு வாசலிலும் படிகள்.

முதல் மூன்றும் இந்தப் பஸ்ஸை வளர்த்தன. நான்காவது அதன் உற்பத்தியை முடித்தது.

கொல்லுப் பட்டறையிலிருந்து

இகாருஸின் வேர் 1895இல் புடாபெஸ்டில் இம்ரே ஊரி என்பவர் திறந்த கொல்லுப் பட்டறையில் இருக்கிறது. குதிரைவண்டி செய்தார்கள், பிறகு மோட்டார் வண்டிகளுக்கு உடல் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள் போனபோது பட்டறை அரசுடைமையானது. 1949இல் வேறொரு ஆலையோடு இணைக்கப்பட்டு இகாருஸ் என்ற பெயரைப் பெற்றது. துருத்தி ஊதிய இடத்திலிருந்தே துருத்தி வைத்த பஸ் வந்தது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.

1950களில் புடாபெஸ்டின் பஸ்களில் கூட்டம் தாங்கவில்லை. நகரின் போக்குவரத்துப் பணிமனையிலேயே பழைய பஸ்களின் உடல்களை ஒன்றோடொன்று இணைத்து நீளமான பஸ்களைக் கட்டத் தொடங்கினார்கள். தேவை அவ்வளவு அவசரமாக இருந்தது. இகாருஸ் தன் பங்குக்கு 1961இல் இகாருஸ் 180 என்ற முதல் இணைப்புப் பஸ்ஸின் மாதிரியைச் செய்து காட்டியது. 1960களில் தொடர்உற்பத்திக்கு வந்த அது, 1973 வரை நீடித்தது. முனைகள் உருண்டு, கொஞ்சம் கொழுகொழுவென்று இருக்கும். பலருக்கு அதன்மேல் இன்றும் தனிப் பாசம்.

பின்இன்ஜின் பஸ் செய்ய இகாருஸுக்குத் தெரியாமல் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1950களில் அது செய்த 55, 66 ஆகிய இரண்டு மாடல்களிலும் இன்ஜின் பின்னால்தான் துருத்திக்கொண்டிருந்தது. 280இல் நடு இன்ஜினைத் தேர்ந்தது அறிந்தே எடுத்த முடிவு.

1960களின் நடுவில் ‘200 வரிசை’ என்ற புதிய குடும்பத்துக்கான வேலை தொடங்கியது. உருவம் தந்தவர் லாஸ்லோ ஃபின்டா என்ற வடிவமைப்பாளர். உருண்டைகளை விட்டுவிட்டு நேர்கோடுகளுக்கு வந்தார். சாளரங்கள் பெரிதாயின. பெட்டி போன்ற உடல், நேரான கூரை, இரண்டு பாகமாக முன்கண்ணாடி. பார்ப்பதற்கு எளிமை, ஆனால் அந்த எளிமைக்குள் ஆழ்ந்த கணக்கு இருந்தது. ஒரே அளவுள்ள சாளரப் பகுதியையும் வாசல் பகுதியையும் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனால் வெவ்வேறு நீளங்களில் வெவ்வேறு பஸ்கள் கிடைக்கும். நெடுந்தூரப் பயணத்துக்கு 250. நகரத்துக்கு 11 மீட்டர் தனிப் பஸ்ஸான 260. அதே நகரத்துக்கு இணைப்புப் பஸ்ஸான 280. பணிமனைக் கிடங்கில் 260க்கு வாங்கி வைத்த கண்ணாடியும் கதவும் இன்ஜின் பாகமும் 280க்கும் ஆகும்.

280இன் தொடர்உற்பத்தி 1973இல் தொடங்கி 2000களின் தொடக்கம் வரை நீண்டது. சுமார் 61,000 வண்டிகள். உடன்பிறப்பான 260, 72,000ஐயும் தாண்டியது. 61,000ஐ 16.5 மீட்டரால் பெருக்கிப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 1,000 கிலோமீட்டர் வரும். புடாபெஸ்டில் தொடங்கிய வரிசை பெர்லினையும் தாண்டி நிற்கும்.

மூன்றாம் அச்சின் நடனம்

280இல் மூன்றாம் அச்சின் சக்கரங்களும் திரும்பும். ஸ்டீயரிங்கோடு அவற்றுக்கு நேரடித் தொடர்பு இல்லை. மூட்டு வளையும்போது அதிலிருந்து போகும் இரும்புத் தண்டுகள் பின்சக்கரங்களை எதிர்ப்பக்கமாகத் திருப்பும். இதனால் பின்உடல் தெருமுனையை வெட்டாமல் முன்உடல் போன தடத்திலேயே வரும். குறுகலான பழைய ஐரோப்பியத் தெருக்களில் இந்த நீள வண்டி ஓடியதன் ரகசியம் இதுவே.

விலையும் ஒன்று இருந்தது. நிறுத்தத்திலிருந்து ஓட்டுநர் இடப்பக்கம் ஒடித்துக் கிளம்பும்போது, வண்டியின் வால் வலப்பக்கமாக நடைமேடையை நோக்கி வீசும். அங்கெல்லாம் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் போவதால், நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் நிற்பதும் அதே பக்கத்தில்தான். கடைசி இருக்கையில் உட்கார்ந்தவருக்கு ஊஞ்சலில் இருப்பதுபோல் இருக்கும்.

ஓட்டுநரின் உழைப்பையும் மறக்கக்கூடாது. பெரும்பாலான வண்டிகளில் ஐந்து கியர், காலால் மிதிக்கும் கிளட்ச். கூட்டம் பிதுங்கும் 16.5 மீட்டர் வண்டியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் கியரிலிருந்து எழுப்பி ஓட்ட வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள வகைகளும் வந்தன, ஆனால் எல்லா ஊரும் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை.

சந்தையை யார் கொடுத்தார்கள்?

1949இல் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் ‘கோமெகான்’ என்ற பொருளாதாரக் கூட்டமைப்பை உருவாக்கின. எல்லா நாடும் எல்லாவற்றையும் செய்வதற்குப் பதிலாக வேலையைப் பிரித்துக்கொள்வது அதன் கொள்கைகளில் ஒன்று. அந்தப் பங்கீட்டில் பெரிய பஸ்கள் ஹங்கேரிக்கு வந்தன.

அதை ஹங்கேரி எப்படிப் பயன்படுத்தியது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. 1960களின் நடுவில் அரசு சாலை வாகனங்களுக்கென்றே ஒரு தேசியத் திட்டம் வகுத்தது. கார் செய்வதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டுப் பஸ்ஸிலும் கனரக வண்டிகளிலும் முதலீட்டைக் குவித்தது.

2. வேலை நாட்டுக்குள்ளும் பிரிக்கப்பட்டது. டியோர் நகரிலுள்ள ராபா ஆலை இன்ஜினும் அச்சும், செபெல் ஆலை கியர்பெட்டி முதலியனவும், இகாருஸ் உடலும். இகாருஸின் இறுதிக் கட்டுமானம் புடாபெஸ்டிலும் சேகெஷ்ஃபெஹேர்வார் நகரிலும் நடந்தது.

3. இன்ஜினுக்கு ராபா போன இடம் மேற்கு ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனம். அதன் உரிமத்தின் கீழ் அந்த இன்ஜின் ஹங்கேரியில் தயாரானது. சோஷலிச உலகின் அடையாளமாகப் பலர் நினைக்கும் இந்தப் பஸ்ஸின் இதயம், சோஷலிச நாடுகளை மேற்கிலிருந்து பிரித்த ‘இரும்புத்திரை’ எல்லைக்கு மறுபக்கம் பிறந்தது. ஹங்கேரியின் பொறியாளர்களும் அதிகாரிகளும் காட்டிய துணிவை நான் இதில் காண்கிறேன். கூட்டணிக்குள் கிடைத்ததை வைத்துச் சமாளிக்காமல் நல்ல இன்ஜினைத் தேடிப் போனார்கள்.

4. வாங்குபவர் நிச்சயம் இருந்தார். எல்லா மாடல்களும் சேர்த்துச் சோவியத் ஒன்றியம் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இகாருஸ் பஸ்களை வாங்கியது. பணம் டாலரில் அல்ல, கூட்டமைப்பின் கணக்கு ரூபிளில். மறுபக்கம் எண்ணெயும் எரிவாயுவும் மூலப்பொருளும் ஹங்கேரிக்கு வந்தன.

1980களில் இகாருஸ் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களைச் செய்துகொண்டிருந்தது. ஆண்டில் 250 வேலைநாள் என்று கொண்டால் நாளொன்றுக்கு 40 பஸ்கள் ஆலைவாசலைத் தாண்டிப் போயின. உலகின் மிகப்பெரிய பஸ் உற்பத்தியாளர்களின் முன்வரிசையில் அது இருந்தது.

வாங்கும் நாட்டுக்கு ஏற்ப ஒவ்வொரு வகைக்கும் ஒரு துணை எண் தரப்பட்டது. 280.33 என்றால் சோவியத் ஒன்றியம், 280.02 என்றால் கிழக்கு ஜெர்மனி, 280.26 என்றால் போலந்து. சிலவற்றில் நான்கு இதழாக மடியும் கதவு. வேறு சிலவற்றில் அகலமான இரட்டைக் கதவு, திறக்கும்போது உள்பக்கமாகச் சுழன்று வாசலின் இருபுறமும் ஒட்டி நிற்கும். மூடுவதற்கு முன் ஒலிக்கும் கரகரப்பான மணியோசை புடாபெஸ்ட்காரர்களின் நினைவில் நிற்கும் ஒலிகளில் ஒன்று.

புடாபெஸ்டில் 7ஆம் எண் குடும்பத்தைச் சேர்ந்த வழித்தடங்கள், கெலெட்டி ரயில் நிலையத்தைத் தொட்டு எர்ஷேபெத் பாலத்தின் வழியே டான்யூபைக் கடக்கும். ஒரு மெட்ரோ பாதைக்குரிய கூட்டத்தைப் பல ஆண்டுகள் அங்கே சுமந்தவை 280களே. நான்காவது மெட்ரோ பாதை 2014இல்தான் திறந்தது.

கடல் கடந்த இகாருஸ்

1980களின் தொடக்கத்தில், பனிப்போரின் நடுவே, இகாருஸ் அமெரிக்காவுக்கும் போனது. 280ஐ அடிப்படையாகக் கொண்ட 286 என்ற வகையின் உடல் கப்பலில் ஏற, லாஸ் ஏஞ்சலிஸின் கிரௌன் கோச் நிறுவனம் அமெரிக்க இன்ஜினைப் பொருத்தி வண்டியை முடித்துக்கொடுத்தது. ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்து அவற்றை ஓட்டிய நகரங்களுள் ஒன்று. கனடாவின் டொரான்டோவும் ஒட்டாவாவும் ஒன்டாரியோ நிறுவனம் ஒன்றின் வழியாக அதே குடும்பத்து வண்டிகளை வாங்கின. அங்கே சாலைப்பனியை உருக்கக் கொட்டும் உப்பு இவற்றின் இரும்புச் சட்டங்களை அரித்தது. துருவினால் அவற்றுக்கு நற்பெயர் கிடைக்கவில்லை.

கியூபாவில் நடந்தது வேறு. ஹவானாவின் பொதுப்போக்குவரத்து ஹங்கேரியப் பஸ்களையும் பாகங்களையும் பெரிதும் நம்பியிருந்தது. சோவியத் ஒன்றியம் சரிந்ததும் எரிபொருளும் உதிரிபாகமும் நின்றுபோயின. பஸ்கள் ஒவ்வொன்றாக முடங்க, லாரியின் தலைப்பகுதிக்குப் பின்னால் மாபெரும் பயணிகள் பெட்டியை மாட்டி ஓட்டினார்கள். முன்னும் பின்னும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த அந்தப் பெட்டிக்கு ‘ஒட்டகம்’ என்று பெயர். உள்ளே முந்நூறு பேர்வரை நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு பஸ் மாடலின் பின்னால் இருக்கும் உதிரிபாகச் சங்கிலி அறுந்தால் ஒரு நகரம் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

இரண்டு அடிகள்

முதல் அடி சந்தையில் விழுந்தது. 1991 தொடக்கத்தில் கூட்டமைப்பு நாடுகளுக்கிடையிலான வணிகம் ரூபிள் கணக்கை விட்டு டாலருக்கு மாறியது. அதே ஆண்டு ஜூனில் கோமெகான் கலைந்தது. டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லை. மாஸ்கோவுக்குப் பஸ் தேவை தீரவில்லை, ஆனால் டாலரில் கொடுக்கப் பணம் இல்லை. ஆண்டுக்குப் பத்தாயிரம் வண்டிகளுக்காகக் கட்டிய ஆலைகள் வேலையின்றி நின்றன.

பெரும்பாலோர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. சந்தை திரும்பியிருந்தாலும் 280 பிழைத்திருக்காது. ஏனெனில் இரண்டாவது அடி வண்டியின் வயிற்றிலேயே விழுந்தது.

1980களின் இறுதியில் ஜெர்மன் நகரங்கள் தாழ்தளப் பஸ்ஸுக்கு மாறத் தொடங்கின. தாழ்தளம் என்றால் வாசலில் படியே இல்லாமல், நடைமேடையிலிருந்து ஒரே எட்டில் உள்ளே போவது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய், ஊன்றுகோலோடு வரும் முதியவர், சக்கர நாற்காலியில் வருபவர் ஆகிய மூவருக்கும் பஸ்ஸின் கதவு அன்றுதான் உண்மையில் திறந்தது. ஏறி இறங்கும் நேரமும் குறைந்தது.

280இல் இதைச் செய்ய என்ன தடை? காரணங்களைக் கோத்துப் பார்ப்போம்.

1. தரையைத் தாழ்த்த வேண்டுமானால் அதன் அடியில் எதுவும் இருக்கக்கூடாது.

2. 280இன் தரைக்கு அடியில் இன்ஜின், கியர்பெட்டி, விசைத்தண்டு எல்லாமே இருக்கின்றன.

3. இன்ஜினைப் பின்உடலின் கோடிக்குக் கொண்டுபோனால் மூன்றாம் அச்சு தள்ள வேண்டும். அப்படியானால் மூட்டை முழுவதுமாக மாற்றி, மடங்காமல் காக்கும் கருவிகள் வைத்தாக வேண்டும்.

4. மூன்றாம் அச்சு விசை அச்சாகிவிட்டால் அதைத் திருப்பும் பழைய தண்டுகளும் போய்விடும்.

5. இவ்வளவையும் மாற்றியபின் மிஞ்சுவது 280 அல்ல, வேறொரு பஸ்.

இழுக்கும் வகையிலும் தாழ்தளம் கிடைக்கும் என்று பெல்ஜியத்தின் வான் ஹூல் நிறுவனம் காட்டியது உண்மை. அதன் ஏஜி 300 மாடலில் இன்ஜின் முன்உடலின் பக்கச்சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அதற்கும் உடலை முதலிலிருந்து வரைய வேண்டும். இகாருஸும் புதிதாக வரையத்தான் செய்தது. 400 வரிசையின் 435 பார்க்க நவீனமாக இருந்தாலும் அதே உயர்ந்த தளம், அதே நடு இன்ஜின். 1990களின் நடுவில் வந்த 417, பின்இன்ஜின் வைத்த உண்மையான தாழ்தள இணைப்புப் பஸ். அதற்குள் கையில் பணமும் இல்லை, பழைய வாடிக்கையாளரும் இல்லை. நிறுவனம் கைமாறிக்கொண்டே போனது. சேகெஷ்ஃபெஹேர்வார் ஆலை 2003இல் மூடப்பட்டது.

எனவே ‘சோவியத் விழுந்தது, இகாருஸ் விழுந்தது’ என்ற ஒற்றை வரி பாதி உண்மைதான். பத்தாண்டுகள் முன்னதாகவே தளத்தைத் தாழ்த்தும் வேலையைத் தொடங்கச் சந்தை அந்த நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. நிச்சயமாக வாங்குபவர் இருந்ததே காரணம். 280ஐ வளர்த்த அதே ஏற்பாடு அதன் வாரிசைத் தாமதப்படுத்தியது.

ஓயாத வண்டி

உற்பத்தி நின்றதும் ஓட்டம் நிற்கவில்லை. எளிய மூட்டு, எங்கும் கிடைத்த பாகங்கள், பழகிய மெக்கானிக்குகள் என்ற மூன்றும் சேர்ந்து இந்த வண்டிகளின் ஆயுளை நீட்டின. மாஸ்கோவில் துஷினோ பொறியியல் ஆலை 1990களில் இகாருஸ் 280களைத் தொகுத்துக் கட்டியது. சோவியத்தின் புரான் விண்வெளி ஓடத்தைக் கட்டிய அதே ஆலை அது. விண்வெளித் திட்டம் நின்றுபோன கூடங்களில் பஸ்கள் உருவாயின. வார்சா 2013 வரை தன் 280களை ஓட்டியது. புடாபெஸ்ட் பலமுறை செப்பனிட்டு, பிற நாடுகளில் ஓடித் தேய்ந்த தாழ்தளப் பஸ்களை வாங்கிச் சேர்த்து, மெல்ல மெல்ல இவற்றைக் கழித்தது.

பியோங்யாங் கழிக்கவில்லை. வட கொரியாவுக்கு எண்ணெய் அரிது, நிலக்கரியும் நீர்மின்சாரமும்தான் உண்டு. அங்குள்ள பணிமனைகள் பல இகாருஸ் 280களின் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைத்து, கூரையில் இரண்டு கம்பங்களை நிறுத்தி, சாலைக்கு மேலே போகும் கம்பிகளிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பஸ்களாக மாற்றிவிட்டன. விபத்தின்றி ஓடிய ஒவ்வொரு 50,000 கிலோமீட்டருக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் வரைவது அந்நகரத்தின் வழக்கம். சில பஸ்களின் பக்கங்களில் அந்த நட்சத்திரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.